நடுவில் நிற்க ஒரு சொசைட்டி

கர்நாடகத்தில் சிர்சிக்கு எட்டு கிலோமீட்டர் தள்ளி, பாக்குத் தோட்டத்தின் மேட்டில் இருந்த அந்த வீட்டில், மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் மட்டும்தான் போன் சிக்னல் கிடைக்கும். கோதாவரி எட்டு வருடமாக அங்கே நின்றுதான் வியாபாரம் செய்தாள். பெயர் வியாபாரம். நாளைக்கு ஒருவர் கம்பெனி தொடங்கினால் தன் இணையதளத்துக்கு என்ன பெயர் தேடுவார் என்று யோசித்து, அதை முன்கூட்டியே தன் பேரில் பதிந்து வைப்பாள். வருடா வருடம் புதுப்பிப்பாள். கேட்டு வருபவருக்கு விற்பாள்.

இதுவரை விற்றது மூன்றே மூன்று, மூன்றும் சில்லறைக்கு. "காத்துக்கு வேலி கட்டி வாடகை குடுக்கறா எங்க அண்ணி" என்று மைத்துனர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

நான்காவதாக 'கட்டதமசாலே', அதாவது மலைநாட்டு மசாலா, என்ற பெயரைக் கேட்டு பெங்களூரிலிருந்து கிரண் பாலிகா அழைத்தார். மசாலாப் பொடி கம்பெனி வைத்திருப்பவர். இரண்டு லட்சத்து எண்பதாயிரத்துக்குப் பேசி முடித்தபோது கோதாவரியின் கண் முன்னால் வந்து நின்றவை இரண்டு காது மிஷின்கள்.

அவள் கணவர் திம்மண்ண ஹெக்டேக்கு இரண்டு காதும் மந்தமாகி நான்கு வருடம் ஆயிற்று. முப்பது வருடம் தாளமத்தளெ என்ற புராண வாதக் கச்சேரியில் பாயில் உட்கார்ந்து வாதம் செய்தவர். வேஷம் இல்லாமல், ஆட்டம் இல்லாமல், எதிரில் இருப்பவரைச் சொல்லாலேயே மடக்குவதுதான் அங்கே வித்தை. ஒருநாள் எதிராளி கேட்டது ஒன்று, இவர் சொன்ன பதில் வேறொன்று. கூட்டம் சிரித்தது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பாயில் உட்காரவில்லை. "இன்னும் தள்ளிப்போட்டா மிஷின் வச்சும் பேச்சு புரியாம போயிடும்" என்று ஹுப்பள்ளி டாக்டர் சொல்லிவிட்டார். "என் காதுக்கு ரெண்டரை லட்சமா? பேசாம எழுதிக் காட்டு" என்று ஹெக்டேதான் மறுத்துவிட்டார்.

மறுநாள் பாலிகாவின் அழைப்பு.

"அக்கா, இன்னிக்கே முடிச்சிட்டா மூணு லட்சமாவே தரேன். பணம் கட்ட ஒரு லிங்க் அனுப்புங்க, கார்டுல கட்டிடறேன். கட்டின உடனே பெயரை மாத்திக்கற கோட் நம்பரை அனுப்பிடுங்க."

"நடுவுல ஒரு நிறுவனத்துல பணத்தைக் கட்டிடுங்கன்னு நேத்தே சொன்னேனே?"

"அவனுக்கு எதுக்குக்கா தண்டமா கமிஷன்? நமக்குள்ள என்ன?"

பத்து நிமிஷத்தில் சொல்கிறேன் என்று கோதாவரி போனை வைத்தாள். அந்தக் கோட் நம்பர் கை மாறினால் பெயரும் கை மாறிவிடும். ஹுப்பள்ளியில் ஈரண்ணா என்றொருவர் இப்படித்தான் கார்டுப் பணம் வந்த சந்தோஷத்தில் பெயரைக் கொடுத்தார். நாற்பதாவது நாள், 'அந்தப் பணத்தை நான் கட்டவே இல்லை' என்று வாங்கியவன் வங்கியில் எழுதிக் கொடுத்தான். வங்கி பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது. பெயர் அதற்குள் மூன்று கை தாண்டியிருந்தது.

வெற்றிலையை மென்றபடி ஹெக்டே வந்தார். "என்னவாம்?"

அவள் அவர் காதருகே உரக்கச் சொன்னாள். கொட்டகைப் பசு திரும்பிப் பார்த்தது.

"மூணு லட்சமா? தாராளமா குடுத்துடு. நல்ல மனுஷனாத்தான் தெரியறான்."

"அவர் பேசினது உங்களுக்குக் கேட்டுதா?"

"கேக்கல. நீ சிரிச்சிட்டே பேசினியே, அத வச்சு சொல்றேன்."

கோதாவரிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "போன தீபாவளிக்கு வாசல்ல லாரியோட ஒருத்தன் வந்தான். குவிண்டாலுக்கு ஐந்நூறு கூடத் தரேன்னான். பாக்கைக் குடுத்தீங்களா?"

"அவனுக்கு எதுக்குக் குடுக்கணும்? கூட்டுறவு சொசைட்டி இருக்கே. மூட்டையை அங்க எறக்கினா வியாபாரி யாருன்னே நான் பாக்க வேண்டாம். சொசைட்டி அவன்கிட்ட வாங்கி எனக்குக் குடுக்கும்."

"கமிஷன் பிடிக்குதே?"

"பிடிச்சா என்ன, ராத்திரி தூக்கம் வருது."

"நானும் அதைத்தாங்க கேக்கறேன்."

ஹெக்டேயின் வாய் மெல்வதை நிறுத்தியது. பிறகு கையை நீட்டினார். "போனைப் போடு."

அன்று பாலிகாவுக்கு போன் இல்லாமலேகூடக் கேட்டிருக்கும். "பாலிகா சார், நான் கோதாவரி வீட்டுக்காரர். நீங்க பேசினா எனக்குக் கேக்காது, அதனால நான் மட்டும் பேசறேன். நீங்க யோக்கியரா இருக்கலாம். நாங்களும் யோக்கியர்தான். ரெண்டு யோக்கியருக்கும் நடுவுல ஒரு சொசைட்டி வேணும். கமிஷன்ல பாதி எங்களுது. இனி அவகிட்ட பேசுங்க."

கோதாவரி போனை வாங்கினாள். வாங்குபவர் போய்விட்டார், காது மிஷினும் போயிற்று என்றே நினைத்தாள்.

"அக்கா," என்றார் பாலிகா, குரல் இறங்கி. "போன வருஷம் ஒருத்தன்கிட்ட முன்பணம் நாப்பதாயிரம் குடுத்து ஏமாந்தேன். கார்டுன்னா திருப்பிக் கேக்க வழி இருக்கும்னுதான் அப்படிச் சொன்னேன். உங்களை ஏமாத்த இல்ல."

"எனக்கு இருக்கற அதே பயம்தான் உங்களுக்கும். பெயர் உங்க கைக்கு வந்து, நீங்க சரின்னு சொன்னாத்தான் அவங்க எனக்குப் பணம் விடுவாங்க. வரலைன்னா உங்களுக்கே திருப்பிடுவாங்க."

"அப்ப பழைய விலைதான்."

"பழைய விலையே போதும்."

மூன்றாம் நாள், 'பணம் வந்து சேர்ந்தது, எங்களிடம் இருக்கிறது' என்று நடுவர் நிறுவனத்திலிருந்து தகவல் வந்தது. அவர்கள் தளத்தைத் தானே திறந்து, கணக்கில் அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் கோதாவரி கோட் நம்பரை அனுப்பினாள். அதற்கு அடுத்த வாரம் பாலிகா சரி சொல்ல, பணம் அவள் கணக்குக்கு வந்தது.

மழை பிடிப்பதற்குள் ஹெக்டே இரண்டு காதிலும் மிஷினோடு மறுபடி அந்தப் பாயில் உட்கார்ந்தார். எதிராளி முடிக்கும்வரை பொறுத்திருந்து பதில் சொன்னார். வீட்டில்தான் புதுத் தொல்லை. கத்திக் கத்திப் பேசிய மனிதர் இப்போது மெதுவாகப் பேசிய பேச்சில், அடுப்படியில் இருக்கும் கோதாவரி இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை கொட்டகைச் சுவரோரம் போன் டிங் என்றது. அவள் எழுவதற்குள் ஹெக்டே போய் எடுத்து வந்தார்.

"யாரோ பெயர் கேக்கறாங்க," என்றார்.

"என்ன விலைக்கு?"

"அதெல்லாம் அப்புறம். நடுவுல யாருன்னு முதல்ல கேளு."