அலைப்பல்

கட்டர் விற்கும் அபிஷேக், மேசையில் வேஸ்ட் துணியை விரித்து இரும்பைக் குடையும் இரண்டு கார்பைடு கட்டர்களை அதன்மேல் வைத்தார். இரண்டும் சுண்டுவிரல் கனம்தான். ஒன்றின் பற்களில் கடல் அலை மாதிரி மேடும் பள்ளமும். இன்னொன்று வழவழவென்று இருந்தது. அதன் நான்கு பற்களுக்கு இடையே உள்ள இடைவெளிதான் ஒன்றுபோல ஒன்று இல்லை.

"வழவழன்னு இருக்கே, அது புது டிசைன்க்கா. இடைவெளி மாறி மாறி இருக்கறதால அதிர்வு அடங்கும், வேகமா ஓட்டலாம். அலைப்பல்லு பழைய டிசைன். மெதுவாத்தான் போகும். ஆனா மெஷினுக்கு வலிக்காது."

அம்பத்தூர் எஸ்டேட்டில் ராஜகுமாரியும் அவள் புருஷன் கார்த்திகேசனும் நடத்தும் ஷெட் அது. உள்ளே ஒரே ஒரு பழைய மில்லிங் மெஷின். பம்ப் கம்பெனிக்காக இரும்புக் கட்டிகளில் பள்ளம் தோண்டும் ஆர்டர் வந்திருந்தது. அதற்கு எந்தக் கட்டர் என்று இன்றைக்கு முடிவு செய்தாக வேண்டும்.

"நீ இன்னா சொல்ற மாமா?" என்று புருஷனைக் கேட்டாள் ராஜகுமாரி.

கார்த்திகேசன் முதுகைக் காட்டியபடி, மெஷினின் இடுக்கியான வைஸில் இரும்புக் கட்டியை முடுக்கிக்கொண்டிருந்தான். பதில் இல்லை. வெளி ஆள் முன்னாலும் இப்படியா என்று அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. சில மாதங்களாகவே இதுதான் கதை. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. நெமிலிச்சேரியில் ரயில் ஏறி அம்பத்தூர் வரும்வரை அவள் பேசுவாள். அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு "ஆமா, ஆமா" என்பான். போன வாரம், சீண்டிப் பார்க்கத்தான், "நான் அக்கா ஊட்டுக்கே போயிடட்டா?" என்று கேட்டாள். "சரி சரி" என்றான். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஆர்டர் முடிந்ததும் திருநின்றவூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவதென்று பையில் நான்கு புடவைகளை எடுத்து வைத்திருந்தாள். அவன் அந்தப் பையைக் கூடக் கவனிக்கவில்லை.

முதலில் புதுக் கட்டரை மாட்டினார்கள். நேராகப் போகும்வரை வெண்ணெயில் கத்தி போலப் போனது. பள்ளத்தின் மூலைக்கு வந்ததும் கீச்சென்று ஒரு கூச்சல் கிளம்பியது. தகரத்தை ஆணியால் கீறினாற்போல, பல் கூசும் சத்தம். அபிஷேக் காதைப் பொத்திக்கொண்டார். பக்கத்து ஷெட் தினேஷ் எட்டிப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, மெஷினையே அறுக்கிறியா?" என்றான்.

மெஷினின் கண்ணாடிக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்ற கார்த்திகேசன், சூடு தணிக்கும் கூலன்ட் வழிவதைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்துக்கொண்டிருந்தான். கட்டர் லேசாக முனகினாலே தாவிப்போய் வேகத்தைக் குறைக்கிறவன் அவன். ராஜகுமாரி ஓடிப்போய் வேகத் திருகைத் திருப்பினாள். சத்தம் அடங்கியது.

"இன்னாத்துக்கு மே கொறைக்கிற? நல்லாத்தான போவுது?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை.

அலைப்பல் கட்டரை மாட்டியதும் மெஷின் கரகரவென்று அடித்தொண்டையில் உறுமியது. கார்த்திகேசனின் தலை உடனே ஒரு பக்கம் சாய்ந்தது. மூலை வந்தபோது உறுமல் கொஞ்சம் கனத்தது. அவள் அசைவதற்குள் அவன் கை திருகின் மேல் இருந்தது.

தடித்த சத்தம் அவனை எட்டுகிறது. மெல்லிசானது எட்டவில்லை. அவளுடைய குரலோ மெல்லிசு. கல்யாணமான புதிதில் "குருவி" என்றுதான் அவளைக் கூப்பிடுவான். சமையலறையிலிருந்து கூப்பிட்டது, ரயிலில் சொன்னது, அக்கா வீடு என்று கேட்டது, எதுவுமே அவனிடம் போய்ச் சேரவில்லை. ராஜகுமாரிக்குக் கண் கரித்தது. கூலன்ட் தெறித்ததுபோல முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"வேகத்தைக் கொஞ்சம் மாத்திப் பாத்தா புதுசு சத்தம் போடாதுக்கா," என்றார் அபிஷேக்.

"வேணாங்க. அலைப்பல்லே குடுங்க," என்று மெஷினில் இருந்ததைக் காட்டினாள்.

"புதுசுதான் வேகம்னாரே?" என்றான் கார்த்திகேசன்.

அவள் அவன் முகத்துக்கு நேரே திரும்பி, "நம்ம மெஷினுக்கு இதான் சரி," என்றாள்.

"மெஷினுக்கா?"

அவளையே சற்று நேரம் பார்த்தான். பிறகு வேஸ்ட் துணியை எடுத்து, அழுக்கே இல்லாத கையைத் துடைக்க ஆரம்பித்தான்.

அபிஷேக் போனதும் அவள் பின்னாலிருந்து கூப்பிடவில்லை. சுற்றிக்கொண்டு எதிரே போய் நின்றாள். குரலைத் தொண்டைக்குள் இறக்கி, "டீ சொல்லட்டா மாமா?" என்றாள்.

"சொல்லு. இன்னாமே, தொண்டை கட்டிக்கிச்சா?"

"ஆமா. டாக்டராண்ட காட்டணும். நீயும் கூட வா."

"உன் தொண்டைக்கு நான் எதுக்கு?"

"தொண்டைக்கும் காதுக்கும் ஒரே டாக்டர்தான்."

அவன் அடுத்த கட்டியை வைஸில் ஏற்றி முடுக்கிவிட்டு, மெஷினை ஓடவிட்டான். உறுமல் எழுந்தது. கதவின் மேல் உள்ளங்கையை வைத்து நின்றவன், கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான். ராஜகுமாரி தன் கையையும் அங்கே வைத்தாள். கதவு அதிர, அவள் வளையல்கள் மெல்லக் கிணுகிணுத்தன. அவன் அவை ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.