பூட்டிக் கிடந்த பாய்லர் அறை

ஏணியின் உச்சியில் நின்று, உள்கூரைக்குள் தலையை நுழைத்தபடியே கத்தினேன்.

"கிளிஃபர்ட்! கடைசி ட்யூப் லைட்டையும் மாத்தியாச்சா?"

"ஆச்சு கண்ணு! என் கழுத்துதான் சுளுக்கிக்கிச்சு. அதையும் எல்.இ.டி.க்கு மாத்திடு!"

மணி மூன்று இருபது. வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு வக்கீல் த்வைட் தன் அலுவலகத்தை மூடிவிடுவார். அதற்குள் இந்தக் கட்டடத்தின் ஆற்றல் சான்றிதழ் அரசுப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் குத்தகை இல்லை. சாவியும் இல்லை.

அந்தச் சாவிக்காகக் காத்திருந்தவள் பிப்பா ஆக்டன். நடனப் பள்ளி நடத்துகிறாள். பழைய கூடத்தை இன்றே காலி செய்ய வேண்டும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நாற்பத்திரண்டு குழந்தைகள் ஷூவைத் தட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். எங்கே நிற்பார்கள் என்பதுதான் தெரியவில்லை.

சான்றிதழை வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று, இடம் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் இருந்துவிட்டார். ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்று வக்கீல் இருந்துவிட்டார். நேற்று சாயங்காலம் இருவருக்கும் ஒரே நேரத்தில் வியர்த்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் க்வென் சக்டன். ஒரு கட்டடம் எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது என்று அளந்து புள்ளி போடுவது என் பிழைப்பு. புள்ளி குறையக் குறைய நல்லது. 125-க்குள் வந்தால் 'ஈ' தரம், வாடகைக்கு விடலாம். அதற்கு மேலே ஒரு புள்ளி போனாலும் 'எஃப்', விடக் கூடாது.

இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் எங்கள் கீத்லி ஊரில் இதைவிடக் குளிரான கட்டடம் இருக்க முடியாது. நாரிஸ் ஹார்ட்காசிலின் ஸ்னூக்கர் கிளப். உறுப்பினர்கள் பத்துப் பேராகத் தேய்ந்துபோனதால் இடத்தைக் குத்தகைக்கு விடுகிறார். பிப்ரவரிக் குளிரில் கோட்டும் தொப்பியுமாக ஆடிப் பழகிய அந்தக் கூட்டத்தில் கிளிஃபர்டும் டெஸ்மண்டும் காலையிலிருந்து எனக்கு எடுபிடி. நாரிஸ் மட்டும் எட்டு வருடமாகத் தொடர்ந்து ஜெயித்த தன் எட்டுக் கோப்பைகள் வரிசையாக இருந்த அலமாரியடியில், கைகளைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றார்.

ஏணியிலிருந்து இறங்கி மடிக்கணினியைத் தட்டினேன். காலையில் 139. விளக்குகளை மாற்றிய பிறகு...

"128," என்றேன்.

"மூணே மூணு புள்ளியா?" டெஸ்மண்ட் தலையில் கைவைத்தார். "மூணு புள்ளியை நீயே கொஞ்சம் முழுங்கிடேன்மா!"

"முழுங்கினா என் லைசென்ஸ் போயிடும் டெஸ்மண்ட். பாய்லரைப் பார்க்கணும். நான் கண்ணால பார்க்காத எதையும் நல்லதுன்னு எழுத முடியாது. பார்க்கலைன்னா கம்ப்யூட்டரே கட்டடத்தோட வயசை வச்சு மோசமான பாய்லர்னு கணக்கு போட்டுடும். இந்தக் கட்டடத்துக்கு வயசு நூத்திருபது."

எல்லாரும் நாரிஸைப் பார்த்தார்கள்.

"பாய்லர் ரூம் சாவிதான் தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னேனே," என்றார் நாரிஸ்.

"போன வியாழக்கிழமை ஃபைனலுக்கு நடுவுலகூட உள்ள போயிட்டு வந்தீங்களே?" என்றார் கிளிஃபர்ட்.

"அதுக்கப்புறம் தொலைஞ்சுது."

"பாவம்யா அவரு," டெஸ்மண்ட் பரிந்து பேசினார். "ஒவ்வொரு ஆட்டத்துலயும் பாதியில எழுந்து போயி அந்தப் பாடாவதி பாய்லரோட மல்லுக்கட்டுவாரு. ஒரு நாளாவது சலிச்சுக்கிட்டிருப்பாரா?"

"பூட்டை உடைச்சிடலாம்," ஓரமாகக் காத்திருந்த பிப்பா சுத்தியலை எடுத்தாள்.

நாரிஸ் பாய்ந்து போய்க் கதவுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார். "உள்ள ஒண்ணுமே இல்லம்மா! பழைய இரும்பு!"

பிப்பா சுத்தியலைக் கீழே வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. போனை எடுத்து, தட்டச்சு செய்துகொண்டே வாய்விட்டுப் படித்தாள்: "அன்புள்ள பெற்றோருக்கு... நாளை வகுப்பு நடைபெறாது... இனி எப்போது என்று சொல்ல முடியாத நிலையில்..."

நாரிஸின் கைகள் மெல்ல இறங்கின. என்னை மூலைக்கு இழுத்துப் போனார். கோட்டின் மேல் பட்டனைக் கழற்றி, கழுத்துக் கயிற்றில் தொங்கிய சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"நீ மட்டும் போ. பார்த்ததை எழுது. எழுதினதோட சரி, பேசாதே."

போனேன். படமெடுத்தேன். இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தபோது என் நெற்றி ஈரமாக இருந்தது.

"என்னாச்சு?" என்றாள் பிப்பா.

"எழுதிக்கிட்டேன்," என்றேன், நாரிஸைப் பார்க்காமல்.

விவரங்களைப் போட்டேன். திரையில் சக்கரம் சுற்றியது. 97. 'டி' தரம்!

கத்தல் கூரையை இடித்தது. ஆனால் பதிவேற்ற சிக்னல் இல்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். டெஸ்மண்ட் மழைக்குக் குடை பிடித்தார். நான்கு முப்பத்தெட்டுக்குச் சான்றிதழ் பதிவானது. நான்கு ஐம்பத்திரண்டுக்கு வக்கீலிடமிருந்து போன்: "வந்திடுச்சு மேடம். குத்தகை முடிஞ்சுது. சாவியைக் கொடுத்திடலாம்."

பிப்பா நாரிஸிடம் சாவிக்கொத்தை வாங்கி, பெற்றோருக்கு எழுதிய செய்தியை அழித்தாள். பிறகு கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

"முதல் வேலையா இந்த ஐஸ் பெட்டியைச் சூடாக்கணும். பிள்ளைங்க விறைச்சுப் போயிடுவாங்க." பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் சுவரோர ரேடியேட்டர்களின் குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டே போனாள்.

"ஐயோ, அதைத் தொடாதே!" என்றார் நாரிஸ்.

குழாய்கள் டக் டக்கென்று முனகின. பத்து நிமிடம் கழித்து டெஸ்மண்ட் ஒரு ரேடியேட்டரில் கை வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

"கிளிஃபர்ட்... இது சுடுதுய்யா."

ஒரு கோட்டு கழன்றது. இன்னொன்றும் கழன்றது. கிளிஃபர்ட் நேராகப் பாய்லர் அறைக்கு நடந்தார். அவசரத்தில் நான் பூட்ட மறந்திருந்தேன்.

உள்ளே வெள்ளைவெளேரென்று ஒரு பாய்லர். பொருத்தி எட்டு வருடம் என்றது அதன் மேல் ஒட்டிய சீட்டு. பக்கத்தில் மெத்தை போட்ட நாற்காலி, தேநீர்க் கெண்டி. சூடான குழாயின் மேல் காயப்போட்டதுபோல ஒரு ஜோடி கம்பளிக் கையுறை.

கிளிஃபர்ட் நீலம் பாரித்த தன் விரல்களைப் பார்த்தார். கதவு வழியே திரும்பி, அலமாரியில் இருந்த எட்டுக் கோப்பைகளைப் பார்த்தார்.

"யோவ் நாரிஸ்! ஃபைனலுக்கு நடுவுல நீ பாய்லரை ரிப்பேர் பண்ணலை. இங்க உக்காந்து கையைச் சூடு பண்ணிக்கிட்டு இருந்திருக்க!"