சாமிக்குப் போன் போடுங்க

1.

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் திருடினேன். மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு மருத்துவமனை. (எது என்று கேட்காதீர்கள், அடுத்த முறை என்னை உள்ளே விடமாட்டார்கள்.) என் வீட்டுக்காரரின் ஹெர்னியாவுக்காகக் கீழ்த்தளத்தில் காத்திருந்தபோது, லிஃப்ட் வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா ஒருவர் யாரிடமோ கேட்ட ஒரே ஒரு கேள்வி காதில் விழுந்தது. "அவரு வர்றாரா?" அந்த "அவர்" யார் என்று புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. தையல் போட்டது வீட்டுக்காரருக்கு, வயிறு வலித்தது எனக்கு.

அந்தக் கேள்வி மட்டும்தான் களவு. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. யாரும் தங்கள் பங்கிலோ சபையிலோ போய் இந்த ஆட்களைத் தேட வேண்டாம்.

2.

தொடக்கம் ஒன்று: அந்தி மயங்கும் வேளையில், மெர்போக் ஆற்றின் மீது பொன்னிறமாய்ப் படர்ந்த

வேண்டாம். ஆற்றைக் கண்டால் வர்ணிக்கிற வியாதி எனக்கு உண்டு. ஆறு பிறகு வரும், அப்போதும் இரண்டு வரிதான்.

தொடக்கம் இரண்டு: திருச்சபையின் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் கேள்வி ஐந்நூறு ஆண்டுகளாகக் கத்தோலிக்கரையும் சீர்திருத்தச் சபையினரையும்

இப்படித் தொடங்கினால் நானே புத்தகத்தை மூடிவிட்டு மீ கோரிங் சாப்பிடப் போய்விடுவேன்.

தொடக்கம் மூன்று, இதுதான் நின்றது: அகத்தாவுக்குக் கழுத்தில் கட்டி.

நாளைக் காலை எட்டு மணிக்கு ஆப்பரேஷன். டாக்டர் சின்னப் பிள்ளை, பொய் சொல்லப் பழகாதவர். "கட்டிய எடுத்துடலாம் ஆன்ட்டி. ஆனா குரல் நரம்பு பக்கத்துலயே இருக்கு. சில பேருக்குக் குரல் போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடக் காகிதத்தை நீட்டினார்.

அகத்தா கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷமாக ஓட்டை பார்க்கிறவள். ரப்பர் கையுறையில் காற்றடித்து, எந்த விரலில் கசிகிறது என்று கண்டுபிடித்து ஒதுக்குவாள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான கைகள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுக் குழுவுக்கு முதல் குரல் கொடுப்பாள். மற்ற நாட்களில் அதே குரலால் புருஷனை வழிநடத்துவாள். அந்தக் குரல் போய்விடும் என்றால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்? அவளுக்குப் பயமாக இருந்தது. மதியம் வந்திருந்த புருஷன் மனோகரனிடம் சொன்னாள்: "ஏங்க, சாமிக்குப் போன் போடுங்க."

3.

இங்கே ஒரு அடிக்குறிப்பு தேவை. அடியில் போட்டால் ஒருவரும் படிப்பதில்லை, ஆகவே நடுவிலேயே போடுகிறேன்.

[சாமி: எஸ்டேட்டுக் கத்தோலிக்கர்கள் குருவானவரை அழைத்த சொல். இளசுகள் "ஃபாதர்" என்கிறார்கள். அகத்தாவும் சாதாரண நாளில் "ஃபாதர்"தான். பயம் வந்தால் பழைய சொல் வந்துவிடும்.]

மனோகரன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மாரியம்மன் கோயில் குடும்பத்தில் பிறந்து, அகத்தாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கியவர். அவர் போனில் "சாமி" என்ற பெயரில் ஒரே ஓர் எண்தான் இருந்தது. அது எரிக். அகத்தாவின் தம்பி. ஆறு வயதில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மேரி பிஸ்கட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கோழிகளுக்குப் பூசை வைத்தவன். அன்றைக்கு வீட்டில் வைத்த பெயர் சாமி. குருமடத்துக்குத்தான் போவான் என்று ஊரே சொன்னது. அவன் போனது வேறு சபைப் பக்கம்.

"மாப்ள, அக்கா ஒன்ன வரச் சொல்றா" என்றார் மனோகரன். ஆறு வருஷமாக ஒரு வார்த்தை பேசாத அக்கா. மறுமுனையில் கார்ச் சாவி எடுக்கிற சத்தம் கேட்டது.

கான்டீனில் பாதி டீ குடித்த பிறகுதான், அவள் கேட்டது வேறு சாமியாக இருக்கலாம் என்று மனோகரனுக்கு உறைத்தது. உடனே பங்குச்சாமி பரஞ்சோதிக்கும் போன் போட்டார். ஃபாதர் பெண்டாங்கில் ஒரு வீட்டில் பூசை வைத்துக்கொண்டிருந்தார், முடித்துவிட்டு வருவதாகச் செய்தி அனுப்பினார். நடந்த குளறுபடியை மனோகரன் பொண்டாட்டியிடம் சொல்லவில்லை. முப்பது வருஷக் கல்யாணம் அந்த அறிவையாவது கொடுத்திருந்தது.

4.

எரிக்கைப் பற்றி எனக்கே சந்தேகம் இருந்தது. கதையின் முதல் வரைவில் அவனுக்குத் தங்க வாட்ச் கட்டி, வெள்ளைக் கார் கொடுத்து, வாயில் சர்க்கரையை வைத்தேன். மெத்தடிஸ்ட் தோழி பிரேமாவதி படித்துவிட்டுப் பொரிந்து தள்ளினாள்: "ஏன் லா, எங்க பக்கத்து ஆளுன்னா திருட்டுப் பயலாத்தான் இருக்கணுமா? அதோட இவன் எங்க ஆளும் இல்ல. எங்கள்ள எவனும் தன்னைத்தானே அப்போஸ்தலர்னு சொல்லிக்க மாட்டான்." கத்தோலிக்கத் தோழி ஒருத்தி, ஃபாதருக்கு நான் வைத்த தொப்பையைக் காட்டிக் கோபித்துக்கொண்டாள். நியாயம்தான். எரிக்கிடமிருந்து வாட்சைக் கழற்றினேன், ஃபாதரிடமிருந்து தொப்பையைக் கழற்றினேன். இப்போது இரண்டு பேரும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கிறார்கள். அதுவும் ஒரு தொல்லை.

எரிக்கின் சபை கோலா கெடாவில், கருவாட்டுக் கடைக்கு மேல் மாடியில். நாற்பது பேர் வருவார்கள். ஆறு வருஷத்துக்கு முன் மெர்போக் ஆற்றில் (சொன்னேனே, ஆறு வந்துவிட்டது) மறுபடி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான். அடுத்த மாதமே "அப்போஸ்தலர் எரிக்" என்று அச்சடித்த அட்டையோடு அக்கா வீட்டுக்கு வந்தான். அகத்தா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஓட்டை பார்க்கிற மாதிரி.

"ஒந்தலையில எவன்டா கை வெச்சது?"

கத்தோலிக்க வாயில் இது சாதாரணக் கேள்வி இல்லை. ஆயர் (பிஷப்) தலையில் கை வைத்துப் பட்டம் தந்தவர் ஓர் ஆயர், அவர் தலையில் அதற்கு முந்தின ஆயர், இப்படிக் கை மேல் கையாகப் போனால் கடைசியில் இயேசுவின் சீடர் இராயப்பர் (பேதுரு) கையில் போய் நிற்கும் என்பது கணக்கு. நடுவில் ஒரு கை விட்டுப்போனாலும் அந்த வரிசை செல்லாது.

"ஈப்போவுல ஒரு அப்போஸ்தலரு, அக்கா."

"அவன் தலையில?"

"ஒரு கொரியாக்காரரு."

"அவன் தலையில?"

"ஆவியானவர் நேரடியா வெச்சாருக்கா."

"நேரடியா வெக்கிறதுன்னா நானே வெக்கிறேன்டா!" என்று ஓங்கி ஒன்று வைத்தாள்.

[கை வைப்பது: குருப்பட்டம் தருவது, அடிப்பது, கல்லாவில் திருடுவது. மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பதற்கு நான் பொறுப்பில்லை.]

எரிக் டீயைத் தொடாமல் எழுந்து போனான். அவ்வளவுதான். ஆறு கிறிஸ்மஸ் போய்விட்டது. முதல் இரண்டு வருஷம் அவளுக்குக் கோபம் இருந்தது. அப்புறம் வெட்கம்தான் இருந்தது, அதைக் கோபம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

5.

மாலை ஏழு மணிக்கு மனோகரனை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஏழு பத்துக்கு அகத்தாவின் போன் அடித்தது, மனோகரன்தான்.

"இந்தாம்மா, கீழ ரெண்டு சாமியும் வந்து நிக்குது. எத அனுப்பட்டும்?"

"ரெண்டா?"

"நீதான சாமிக்குப் போன் போடச் சொன்ன. ஒந்தம்பியும் வந்துட்டான்."

மனோகரன் போனைச் சட்டைப் பையில் போட்டார், அணைக்க மறந்துவிட்டார். ஆகவே மேலே படுக்கையில் உட்கார்ந்தபடியே அவளுக்கு எல்லாம் கேட்டது. பக்கத்துப் படுக்கைக் குணவதிக்கும் கேட்டது. "ஸ்பீக்கர்ல போடுக்கா, டிவியும் கெட்டுப்போயிக் கெடக்கு" என்றாள் அவள்.

முதலில் ஜாகா புவனேஸ்வரனின் குரல். "ஏழு மணியோட விசிட்டிங் ஹபிஸ், முடிஞ்சுது அண்ணே. நாளைக்கு ஆப்பரேஷன்னா சமயத் தலைவர் ஒருத்தரு பத்து நிமிஷம் போலாம். ஒருத்தருதான். யாரு போறீங்க?"

"நான் அவங்க பங்குச்சாமி" என்றது ஃபாதரின் குரல்.

"நான் அவங்க தம்பி" என்றது இன்னொரு குரல். அகத்தா போர்வையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பின்னா தா பொலே, முடியாது. நாளைக்கு மத்தியானம் வாங்க."

ஒரு செருமல். "நான் அப்போஸ்தலர்."

அகத்தா பல்லைக் கடித்தாள்.

"அது ஃபாதரவிடப் பெருசா, சின்னதா?" என்று கேட்டார் புவனேஸ்வரன்.

இந்தக் கேள்விக்காக ஐரோப்பாவில் நாடுகள் அடித்துக்கொண்டன. இங்கே லிஃப்ட் வாசலில் இரண்டு பேரும் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்கள். பேதுருமேல்தான் சபை கட்டப்பட்டது என்றார் ஃபாதர். பேதுருமேல் இல்லை, பேதுரு சொன்ன விசுவாசத்தின்மேல் என்றான் எரிக். ஒருவர் "பாறை" என்றார், மற்றவர் "கல்லு" என்றார். வேதாகமமே ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு.

"அந்தக் கை வரிசையில நடுவுல ஒருத்தன் கை அழுக்கா இருந்தா, ஃபாதர்?"

"அழுக்குக் கையால போட்டுக் குடுத்தாலும் ரொட்டி சானாய் ரொட்டி சானாய்தான் தம்பி."

"வயித்தால போகுமே ஃபாதர்!"

குணவதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரி, பவுல் தலையில பேதுரு கை வெச்சாரா?" எரிக்கின் குரல் ஏறியது.

"அனனியா வெச்சாரு."

"அனனியா என்ன அப்போஸ்தலரா? பிஷப்பா?"

ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். (நானும் யோசித்தேன். இதற்கு நல்ல கத்தோலிக்கப் பதில் உண்டாம், லிஃப்ட் வாசலில் வரவில்லை.) "சரி தம்பி, நீ தப்பாப் போதிச்சா ஒன்ன யாரு திருத்துவா? எனக்குக் கேக்க ஆளு இருக்கு. ஒனக்கு?"

எரிக்கின் சபையில் அந்த நாற்பது பேரில் ஒருவரும் அவனைக் கேள்வி கேட்டதில்லை. கேட்ட ஒரே ஆள் மூன்றாம் மாடியில் இருந்தாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது லா" என்றார் புவனேஸ்வரன். "புக்குல ஒரு கட்டம்தான் இருக்கு. தலைவர் பேரு. ஒங்களுக்குத் தலைவர் யாரு?"

"பினாங்குல ஆயர். அவருக்கு மேல ரோமுல போப்பாண்டவர்."

"அம்மாடி, தூரம்தான். ஒங்களுக்கு?"

"எங்களுக்கு மனுஷன் யாரும் தலைவர் கிடையாது. இயேசு கிறிஸ்துதான் தலைவர்."

பேனா எழுதத் தொடங்கி நின்றது.

"அவரு வர்றாரா?"

6.

நான் திருடிய இடத்துக்கு வந்துவிட்டோம். இதற்குமேல் எனக்குத் தெரியாது.

முடிவு அ: ஃபாதர் மேலே போகிறார். எண்ணெய் பூசுகிறார். எரிக் காரில் உட்கார்ந்து அழுகிறான். (பிரேமாவதி என்னோடு பேசமாட்டாள்.)

முடிவு ஆ: ஃபாதர் பெருந்தன்மையாக வழிவிடுகிறார். (கத்தோலிக்கத் தோழி கைதட்டுவாள். ஆனால் பெண்டாங்கிலிருந்து பசியோடு கார் ஓட்டி வந்த மனிதருக்கு அவ்வளவு பெருந்தன்மை எங்கிருந்து வரும்?)

முடிவு இ: மனோகரன் "நானே தலைவர்" என்று சொல்லிவிட்டு

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அகத்தா படுக்கையிலிருந்து இறங்கிவிட்டாள். நான் சொல்லவில்லை, அவளாகவே செருப்பைத் தேடினாள். "எங்கக்கா?" என்றாள் குணவதி.

"பேஷண்டு கீழ போறதுக்கு எதுக்குடி பாஸு?"

அட, ஆமாம். இது எனக்கும் தோன்றவில்லை, ஆயருக்கும் அப்போஸ்தலருக்கும்கூடத் தோன்றியிராது.

7.

லிஃப்ட் திறந்தது. பச்சை கவுனோடு அகத்தா வெளியே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "வைங்க ஃபாதர்" என்று தலையைக் குனிந்தாள். ஃபாதர் கை வைத்து ஜெபித்து எண்ணெய் பூசினார். அகத்தா கண்ணை மூடவில்லை. எதிரே இருந்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடதுகால் செருப்பு வார் அறுந்து, ஊக்குப் போட்டிருந்தது. கிளம்பிய அவசரத்தில் வீட்டுச் செருப்போடு வந்திருக்கிறான்.

"தம்பின்னு சொன்னா விடமாட்டேன்னுட்டாங்கக்கா" என்றான் எரிக். "அதான் அப்படிச் சொன்னேன்."

"குனிடா."

அவன் குனிந்தான். ஆறு வருஷத்துக்கு முன் கடைசியாக வைத்த அதே இடத்தில் அகத்தா கையை வைத்தாள். அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், இன்னொன்று விழும் என்று. விழவில்லை.

"முடியெல்லாம் கொட்டிப்போச்சேடா சாமி."

எரிக் அப்படியே அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது.

"அழாதடா. நாளைக்கு எனக்குக் கொரல் போனாலும் போயிடும். திட்ட வேண்டியத இப்பவே திட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஆறு வருஷத்துத் திட்டையும் தொடங்கினாள். அட்டையில் தொடங்கி, ஆற்றுக்குப் போய், தொடாமல் விட்ட டீக்கு வந்தாள். ஆனால் கையை மட்டும் தலையிலிருந்து எடுக்கவில்லை. ஃபாதர் தள்ளிப்போய் மனோகரனோடு நின்றுகொண்டார்.

பத்து நிமிஷம் ஆனதும் புவனேஸ்வரன் இருமினார். "அக்கா, நீங்க மேல போங்க, நர்ஸு மிஸி ஏசும். அதுக்கு முன்னாடி சொல்லுங்க. இதுல யாரு யாரு தலையில கை வெச்சது? நான் யாரு பேர எழுதறது?"

அகத்தா லிஃப்ட்டைப் பார்த்து நடந்தாள். மதியம் எந்தச் சாமியைக் கேட்டாய் என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "ஒனக்கு எதுக்கு?" என்றாள். நாளை எட்டு மணிக்கு மேல் அந்தக் குரல் இருக்குமா என்று எனக்குத் தெரியாது, எழுதிப் பார்க்கவும் தைரியம் இல்லை. எனவே கதை இன்றிரவோடு நிற்கிறது.

புவனேஸ்வரன் மேசையில் புத்தகம் திறந்தே இருக்கிறது. தலைவர் பெயர் என்ற கட்டம் காலி. பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார், நீங்கள் எழுதிவிட்டு எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.