சந்தியாகு விழுந்த காரணம்

எழுபத்தெட்டு வயதில் ஏணி ஏறாதீர்கள் என்று மகள் பெட்ரிசியா எத்தனையோ முறை சொல்லியும் சந்தியாகு காதில் போட்டுக்கொண்டதில்லை. மலேசியாவில் பகாவுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் லோரி ஓட்டி ஓய்ந்த மனிதர். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தைத் தன் கையால் வீட்டு முகப்பில் கட்டாவிட்டால் இயேசுவே பிறக்க மாட்டார் என்பதுபோல அந்த டிசம்பர் காலையிலும் ஏறிவிட்டார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டவர் அடுத்த வீட்டு முனியாண்டி. எஸ்டேட் பள்ளிக்கூட நாளிலிருந்து ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே கூடி வாழ்ந்த சிநேகிதர்கள்.

ஆறிப்போகிற தேநீரை எடுக்க முனியாண்டி ஒரு கணம் திரும்பினார். சந்தியாகு மேலிருந்து சரிந்து விழுந்தார். பெட்ரிசியா ஓடி வந்தபோது மூச்சு இல்லை. எதிர்வீட்டு மயிலம்மாள் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். நாடி பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விழுந்து இறந்திருக்கிறார், போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றாள்.

அத்தை அந்தோணியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணனைக் கட்டிலில் கிடத்தித் தூக்கத்தில் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம். போலீசு வந்தால் ஆஸ்பத்திரியில் அறுப்பார்கள், பாவம் இந்த முனியாண்டியையும் ஸ்டேசனுக்கு இழுப்பார்கள் என்று மன்றாடினாள்.

பெட்ரிசியா திரும்பிப் பார்த்தாள். முனியாண்டி வீட்டு முன் கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்து தன் கைகளையே வெறித்துக்கொண்டிருந்தார். இவர் கையை விடாமல் இருந்திருந்தால் என்று அவள் மனத்திலும் ஒரு முள் தைத்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. அப்பாவைக் கட்டிலில் கிடத்திவிடலாம். இந்த முள்ளை எங்கே கிடத்துவது? போனை எடுத்தாள்.

வந்த போலீஸ் கோப்ரல் புனிதன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். திடீர்ச் சாவு, விபத்துச் சாவு எல்லாவற்றையும் விசாரிப்பதுதான் சட்டம் என்று பொறுமையாக விளக்கினார். நோயால் வந்த சாவு என்று டாக்டர் சொன்னால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். சந்தேகம் இருந்தால்தான் மரண விசாரணை அதிகாரி நீதிமன்றத்தில் விசாரிப்பார்.

அவர் பேசி முடிப்பதற்குள் முனியாண்டி முன்னால் வந்து, விலங்கு மாட்டச் சொல்வதுபோல இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நான்தான்யா கைய விட்டேன்."

புனிதன் அந்தக் கைகளைப் பிடித்து அவரை நாற்காலியில் உட்கார வைத்து, யாராவது இவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள் என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்கள். கடல் தாண்டி மீரியிலிருந்து விமானம் பிடித்துப் பெட்ரிசியாவின் தம்பி கிளென் நேரே அங்கே வந்து சேர்ந்தான். அவசரப்பட்டு அன்றே அடக்கம் செய்திருந்தால் மகன் மண்மேட்டைத்தான் பார்த்திருப்பான் என்று அத்தையே சொல்லிவிட்டாள்.

சவப்பரிசோதனை முடித்து டாக்டர் ரோகினி வெளியே வந்தார். தலைக்காயம் சின்னதுதான், அதில் ரத்தக்கசிவுகூட அதிகம் இல்லை என்றார். பிறகு முனியாண்டி யாரென்று கேட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏணியில நிக்கும்போதே மாரடைப்பு வந்திருக்கு. அதனாலதான் விழுந்தாரு. நீங்க ஏணியக் கட்டிப் பிடிச்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதுங்கய்யா."

முனியாண்டி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தார்கள். பாதி சிரிப்பாக இருந்தது.

"பாத்தியாம்மா ஒங்கப்பன? போறப்பகூட பழிய என் தலையில போட்டுட்டுப் போகப் பாத்திருக்கான்."

பெட்ரிசியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நானும் ஒரு நிமிஷம் ஒங்களத்தான் நெனச்சேன்."

"நெனைக்காம இருப்பியா? நானே நெனச்சேனே."

மாலையில் அடக்கம் நடந்தது. சவப்பெட்டியின் முன்பக்கத்தை முனியாண்டிதான் தூக்கினார். குழியருகே பாதிரியார் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, பள்ளியில் தன்னிடமிருந்து திருடிய நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைத் தின்றுவிட்டு ஆட்டின்மேல் பழி போட்ட சந்தியாகுவின் கதையைச் சொன்னார். ஜெபப் புத்தகத்தோடு பாதிரியாரின் வயிறும் குலுங்கியது. அத்தை மட்டும் தலையை ஆட்டினாள். அந்தப் பொட்டலத்தில் பாதியைத் தின்றது தான்தான் என்று பக்கத்தில் நின்ற கிளெனிடம் மெல்லச் சொன்னாள்.