நாற்பதா, நாற்பத்தெட்டா

லிப்ட் மெக்கானிக் எவனும் உள்ள நேரத்தைச் சொல்ல மாட்டான். ஒரு மணி நேர வேலை என்றால் இரண்டு மணி என்போம். ஒன்றேகாலில் முடித்துக் கொடுத்தால் கட்டிடத்துச் செயலாளர் கும்பிடாத குறையாக டீ வாங்கித் தருவார். உள்ளதைச் சொல்லிப் பத்து நிமிஷம் தாமதமானால் அதே ஆள் என் பரம்பரையையே இழுப்பார். பதினாறு வருஷத்தில் இது எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது.

அந்தப் பழக்கம்தான் நேர்முகத்தில் காலை வாரிவிட்டது. புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி ஒன்றில் எட்டு லிப்ட்டுக்கும் பொறுப்பாளர் வேலை. காலை எட்டுக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு வீடு. எவனோ எங்கேயோ மாட்டிக்கொண்டான் என்று சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து ஓட வேண்டாம். கடைசியில் எச்.ஆர். அம்மா, "எப்ப சேர முடியும்?" என்று கேட்டார். இப்போதைய கம்பெனியில் ஒரு மாத நோட்டீஸ் போதும். "ரெண்டு மாசம் ஆகும் மேடம்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "அடுத்த மாசக் கடைசியில திறக்குறோமே. சரி, பாத்துட்டுச் சொல்றோம்."

அதற்கும் முன்னால் இன்னொரு கூத்து. இப்போது வாங்குவது முப்பத்துநாலாயிரம். அங்கே நாற்பத்தெட்டு கேட்பது என்று நானும் மனைவியும் ஒரு வாரம் பேசி முடிவு செய்திருந்தோம். அந்தக் குளிர்ந்த அறையில், பளபளத்த தரையில் என் பூட்ஸ் விட்ட கிரீஸ் தடத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது நாற்பது. வீட்டில் நாற்பத்தெட்டு கேட்டேன் என்றே சொல்லிவைத்தேன். வெட்கம்தான், வேறென்ன?

நாலு நாளாகியும் போன் இல்லை. இன்று எனக்கு வார விடுமுறை வேறு. ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். பிரிட்ஜைத் திறந்தேன், எதற்கென்று தெரியாமல் மூடினேன். என் போன் சைலண்டில் இருக்கிறதோ என்று மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். அது அடித்த அடியில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அவள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஏங்க, எதுக்கு இப்படிக் குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துறீங்க? நாப்பத்தெட்டு ஜாஸ்தின்னு விட்டுட்டாங்களா?"

"அதில்ல. சேர ரெண்டு மாசம் ஆகும்னு சொல்லித் தொலைச்சிட்டேன்."

"ஒரு மாசம் போதுமே!"

"பழக்கதோஷம்."

தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் ஒண்ணை ரெண்டாக்கிச் சொல்லுங்க. என்கிட்ட மட்டும் பத்து நிமிஷம்னு சொல்லிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க. இப்பவே போன் போட்டு உள்ளதைச் சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கணும்."

ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

எச்.ஆர். அம்மாவே எடுத்தார். "மேடம், நான் ஒரு மாசத்துலயே சேர்ந்துடுவேன். எங்க தொழில்ல நேரத்தை எப்பவும் கூட்டித்தான் சொல்வோம். அன்னைக்கும் அப்படியே வாயில வந்துடுச்சு. மன்னிச்சுக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். "நல்லவேளை சொன்னீங்க. வேற ஒருத்தரைக் கூப்பிட இருந்தோம். ஆனா ஒண்ணு கேக்கணும். சம்பளம் நாப்பதாயிரம்னு சொன்னீங்களே, அதுவும் கூட்டிச் சொன்னதுதானா? சரியா சொல்லுங்க, இன்னைக்கே லெட்டர் அனுப்பணும்."

தலை பின்னிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. பின்னலைப் பாதியில் விட்டுவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தாள்.

ஆமாம், நாற்பதுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை கையில். கூட ஆறாயிரம், ஐந்தரைக்கு வீடு, இது போதாதா? பேசாமல் வாங்கிக்கொள் என்றது மனசு.

"ஹலோ, இருக்கீங்களா?" என்றார் எச்.ஆர். அம்மா.

"இருக்கேன் மேடம்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அது கூட்டிச் சொன்னதில்ல. பயந்துபோய்க் குறைச்சுச் சொன்னது. நாப்பத்தெட்டு கேக்கணும்னுதான் வந்தேன்."