வண்டிக்கு யதாஸ்தானம்

கோபாலசுப்பிரமணியன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். வண்டி பின்னால் போனது.

சறுக்கிக்கொண்டு போகவில்லை. கல்லிடைக்குறிச்சியில் அவர் தெரு மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. எஞ்சின் சத்தத்தோடும் புகையோடும் முழு மனசாகப் பின்னால் போனது. பயத்தில் அவர் இன்னும் முறுக்க, அது இன்னும் வேகமாகப் போய் எதிர்வீட்டுக் கோலத்தைக் கலைத்து, பாயில் காய்ந்துகொண்டிருந்த அப்பளங்களின் மேல் ஏறி நின்றது.

"ஏன்னா, முன்னாடி ஓட்டக் கத்துண்ட அப்புறம் பின்னாடி ஓட்டப்படாதா?" என்று வாசலிலிருந்து கேட்டாள் அவர் மனைவி ராஜலக்ஷ்மி.

"நான் எங்கேடி ஓட்டினேன்? அதுவா போறது!"

அதுதான் அவருக்குப் புரியவில்லை. நேற்று முன்னால் போன வண்டி இன்று ஏன் பின்னால் போகிறது?

நாற்பது வயதைத் தாண்டி ஒரு மனுஷர் முதல்முதலாக வண்டி வாங்குவதற்குக் காரணம் இருந்தது. தெருக்கோடிக் கோயிலில் பூஜை அவருடைய அண்ணா ஹரிநாராயணனுடையது. தட்டு எடுத்துக் கொடுப்பது, திரி போடுவது, பிரசாதத்தை மூடி வைப்பது தம்பியுடையது. சாவி ஒருநாளும் தம்பி கைக்கு வந்ததில்லை. இப்படியே தலை நரைத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளர்கள் தங்கள் குடியிருப்புப் பிள்ளையார் கோயிலைப் புதுசாகக் கட்டிவிட்டுப் பூஜைக்கு ஆள் தேடினார்கள். அவர்கள் சார்பில் பேச வந்தவர் முத்துமாலை.

"சாமி, மார்கழி முச்சூடும் மொத ஷிப்டு சங்கு ஊதுததுக்கு முன்னால தீவாரணை ஆயிரணும். திருநீறு பூசிட்டுத்தான் எங்காளுவ உள்ள போவாவ. ஒழுங்கா நடந்துட்டுன்னா கோயில் ஒங்க பொறுப்பு. முடியாதுன்னா இப்பமே சொல்லிருங்க. இன்னொருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு."

அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. சைக்கிளில் ஒருநாள் போய்ப் பார்த்தார். போய்ச் சேர்ந்தபோது மந்திரம் சொல்ல மூச்சு மிச்சமில்லை. ஆகவே அம்பாசமுத்திரத்தில் பட்டறை வைத்திருக்கும் எலியேசரிடம் ஒரு பழைய ஐம்பது சிசி ஸ்கூட்டர் வாங்கினார். காலேஜுக்குப் போகிற பெண்களுக்காக அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த வகை. முன்பக்கம் திறந்திருக்கும், பஞ்சகச்சத்தோடு ஏறி உட்காரலாம். கியரும் கிடையாது.

கியர் இல்லாமல் எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அதற்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வேகம் கூடினால், ராட்டினம் சுற்றும்போது தொங்கும் தொட்டில்கள் வெளிப்பக்கம் விரிவதுபோல, உள்ளேயுள்ள சின்னக் கட்டைகள் விரிந்து, தங்களைச் சுற்றியிருக்கும் உருளையைப் பிடித்துக்கொள்ளும். உடனே சக்கரம் உருளும். எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்தப் பக்கம்தான் சக்கரமும் சுற்றும். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எலியேசரைக் கூட்டிவந்து காட்டினார். எலியேசர் ஒரே உதையில் கிளப்பி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினார்.

"சாமி, இதுக்கு ரிவர்ஸ் கியரே கெடையாது. பின்னால போவணும்னு நீங்க ஒத்தக்கால்ல நின்னாலும் போவாது."

"போச்சேப்பா! அப்பளத்தைக் கேளு."

"சொப்பனம் கிப்பனம் கண்டிருப்பிய."

அண்ணா ஹரிநாராயணன் வேறு காரணம் கண்டுபிடித்தார். "தெற்கு பாத்து நிறுத்தியிருக்கேடா. யமன் திசை. வண்டிக்கே போகப் பிடிக்கலை." கிழக்கே திருப்பி நிறுத்தினார். அன்று முன்னால் போனது. மறுநாள் அதே கிழக்கு, அதே வெயில், பின்னால் போனது. ராகுகாலம் பார்த்தார். எலுமிச்சம்பழம் நசுக்கினார். சில நாள் முன்னால், சில நாள் பின்னால். எதனால் என்று எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை. தெருவில் அவர் வண்டியை எடுத்தால் முன்னால் நிற்பவர்கள் சும்மா இருந்தார்கள், பின்னால் நிற்பவர்கள் ஒதுங்கினார்கள்.

"விட்டுடுடா" என்றார் அண்ணா. "தட்டு எடுத்துக் குடுக்க ஆள் வேண்டாமா எனக்கு?"

அந்தச் சொல்தான் அவரை உறுத்தியது. மார்கழி பிறப்பதற்கு முந்தின நாள் எலியேசரை மறுபடி கெஞ்சிக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு நா தொடமாட்டேன். நீங்களே கிளப்புங்க, பாக்குதேன்" என்றார் எலியேசர்.

வண்டி ஸ்டாண்டில் நின்றது. பின்சக்கரம் தரையைத் தொடவில்லை. கோபாலசுப்பிரமணியன் கிக்கரை மிதித்தார். எஞ்சின் ஒருமுறை திணறிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கைப்பிடியை முறுக்கினார்.

"ஏசப்பா!" எலியேசர் குந்தி உட்கார்ந்துவிட்டார். "சக்கரம் திரும்பிச் சுத்துதே!"

"சொப்பனமா?"

"இரிங்க சாமி, மண்டை சுத்துது. நா மிதிச்சா நேரா சுத்துது, நீங்க மிதிச்சா திரும்பிச் சுத்துதா?"

ராஜலக்ஷ்மி படியிறங்கி வந்தாள். "இவர் எங்கே மிதிக்கறார்? தினம் பாத்துண்டுதானே இருக்கேன். கட்டைவிரலால தடவிக் குடுக்கறார். அதுக்கே வண்டியைத் தொட்டுத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறார்."

உண்மைதான். வண்டி வந்த அன்று அவரே அதற்குப் பூஜை செய்திருந்தார். சும்மா பொட்டு வைத்து நிறுத்தவில்லை. முறையாக ஆவாஹனம் செய்து, பிள்ளையாரை அந்த வண்டியில் வந்து இருக்கும்படி வேண்டிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட ஒன்றை எப்படிக் காலால் உதைப்பது? கால் நீளும்போதே மனசு பின்வாங்கும். மனசு பின்வாங்காத நாளில் வண்டி முன்னால் போனது.

எலியேசர் நெற்றியில் அடித்துக்கொண்டார். உள்ளே நடந்தது இதுதான். கிக்கரை மிதித்தால் பிஸ்டன் மேலே ஏறும். அது உச்சியைத் தொடுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே தீப்பொறி விழுந்துவிடும், அப்படித்தான் அமைத்திருப்பார்கள். மிதி பலமாக இருந்தால் பிஸ்டன் அந்த வேகத்தில் உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். மிதி பலவீனமாக இருந்தால், மேட்டில் பாதி ஏறிய சைக்கிள் மாதிரி, வெடிப்பு அதை வந்த வழியே தள்ளிவிடும். எஞ்சின் திரும்பிச் சுற்ற ஆரம்பிக்கும். இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு முன், பின் என்ற பேதம் தெரியாது. எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கம் சந்தோஷமாகச் சுற்றும்.

"சாமி, மிதிக்கையில எரக்கமே படக்கூடாது."

"அதுல பிள்ளையார் இருக்காரேப்பா."

"எங்கன?"

"வண்டியிலதான். நான்தான் வரச்சொன்னேன்."

எலியேசர் கொஞ்சம் யோசித்தார். "வரச்சொன்னவரைப் போவச் சொல்ல முடியாதா?"

கோபாலசுப்பிரமணியனுக்குத் தெரியும், முடியும். எத்தனையோ வீடுகளில் செய்திருக்கிறார். பூஜை முடிந்ததும் மஞ்சள் பிள்ளையாரைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி, வந்த இடத்துக்கே எழுந்தருளச் சொல்லுவது. யதாஸ்தானம் என்று பெயர். அதற்குப் பிறகு அது வெறும் மஞ்சள், கரைத்து முகத்தில் பூசிக்கொள்ளலாம். வண்டிக்கு மட்டும் அவர் அதைச் செய்யவில்லை. தெரியாத வண்டி, தெரியாத இருட்டு. துணைக்கு இருக்கட்டுமே என்று வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருந்தார்.

மறுநாள் கோலம் போட எழுந்தவர்கள் பார்த்தார்கள். குளித்து முடித்த கோபாலசுப்பிரமணியன் ஈரத் துணியால் வண்டியின் குங்குமத்தைத் துடைத்தார். கைகூப்பி மெல்ல ஏதோ சொன்னார். வண்டியை வடக்கே ஒரு சாண் நகர்த்தினார். பிறகு, அது வெறும் இரும்புதானா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஓர் உதை விட்டார்.

வண்டி முன்னால் போனது. ஆற்றுப்பாலத்தில் பனி எதிரே வந்தது. துணையில்லாமல் போகிறோமே என்று வழியெல்லாம் உரக்க மந்திரம் சொல்லிக்கொண்டே போனார்.

குடியிருப்பில் ஆட்கள் காத்திருந்தார்கள். முத்துமாலை சாவியை நீட்டினார். கோபாலசுப்பிரமணியன் தன் கையால் பூட்டைத் திறந்தார். விளக்கேற்றியதும் உள்ளேயிருந்த பிள்ளையார் அவரைப் பார்த்தார். "எனக்கு முன்னாடியே வந்துட்டேளா?" என்று கேட்டார் இவர், வெளியே கேட்காதபடி.

தட்டு எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. அவரே எடுத்தார், அவரே காட்டினார். எல்லோரும் திருநீறு பூசிக்கொண்ட பிறகுதான் சங்கு ஊதியது.

"சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும் சாமி" என்று சொல்லிக்கொண்டே முத்துமாலை ஓடினார். "ஆங், ஒங்க வண்டிக்கும் கற்பூரம் காட்டிப் பொட்டு வச்சிட்டோம்!"

வெளியே வந்தார். ஹெட்லைட்டில் குங்குமம், கைப்பிடியில் கதம்பம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லோரும் மில்லுக்குள்.

ஆவாஹனம் செய்யாமல் பொட்டு மட்டும் வைத்தால் உள்ளே வருவாரா, மாட்டாரா? அடுத்தவன் கூப்பிட்டதற்கு நான் போகச் சொல்லலாமா? இடுப்பில் சாவியைச் செருகிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காலைக் கிக்கரில் வைத்து, மிதிக்கும் முன் கழுத்தைத் திருப்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.