மில்லுச் சாம்பல்

"இம்புட்டுத் தூரம் வந்து அடுத்த ஊர் மண்ணைச் சலிக்கிறோமே சௌபர்ணிகா, எங்க தோட்டத்து மண்ணை ஒரு தடவை பாரேன். கத்தரி காய்க்கவே மாட்டேங்குது."

"உங்க புதுவயல்ல என்ன நிலக்கரிச் சுரங்கமா இருக்கு? நீ ஒழுங்காத் தண்ணி பாய்ச்சலைன்னு சொல்லு."

"நீ அரிசி மில்லுக்காரக வீட்டுப் பொண்ணு. தண்ணி பாய்ச்சறதைப் பத்தி நீ பேசாத!"

ஜார்க்கண்டில், சுரங்கங்கள் மூடிக் கிடந்த ஒரு நகரத்தில் மருதுபாண்டியும் அவளும் அப்படிச் சிரித்துக்கொண்டார்கள். அங்கே மண்ணில் கலந்த நஞ்சு சுரங்கத்திலிருந்து வந்ததா, சூளையிலிருந்து வந்ததா என்று பிரித்தறிவதுதான் இருவருக்கும் ஆராய்ச்சி. காதலும் அந்த மண்ணைச் சலிக்கும்போதுதான் வந்தது.

இப்போது விடுமுறையில் காரைக்குடி வந்திருந்தவள், அவன் கேட்டதற்காகப் பக்கத்துப் புதுவயலில் அந்தத் தோட்டத்து மண்ணையும் எடுத்து ஓர் ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தாள். நுண்ணோக்கியில் கண்ணாடி போன்ற குட்டி உருண்டைகள் தெரிந்தன. நிலக்கரி எரிந்த சாம்பலில் வருபவை. ஆர்சனிக் நஞ்சும் இருக்க வேண்டியதைவிடக் கூடுதல். சுரங்கமே இல்லாத ஊரில் இது எப்படி?

நேரே தோட்டத்துக்குப் போய், மருதுபாண்டியின் அம்மா பாண்டீஸ்வரியிடம் என்ன உரம் போடுகிறார்கள் என்று கேட்டாள்.

"எல்லாம் உங்க மில்லுச் சாம்பல்தான் தாயி. கேட்டப்பல்லாம் உங்க அப்பச்சி ஒரு டிராக்டர் அனுப்பிருவாக. காசுன்னு வாயத் தொறந்ததில்ல. தங்கமான மனுசன்." பேசிக்கொண்டே ஒரு கட்டு முளைக்கீரையைப் பிடுங்கி அவள் கையில் திணித்தாள். "அப்பச்சிகிட்டக் குடு. எங்க வீட்ல தெனம் இதுதான்."

அவள் கட்டை வாங்கி வண்டியில் வைத்தாள். தலை குனிந்தபடி வண்டியைக் கிளப்பினாள்.

மில்லில், அப்பச்சி என்று அவள் கூப்பிடும் அப்பா தண்டாயுதபாணி, கீரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "பாண்டீஸ்வரி குடுத்துச்சா? வீட்ல ஆச்சிகிட்டக் குடு, மசியல் வைக்கட்டும்."

"இருங்க அப்பச்சி. நம்ம பாய்லர்ல உமிதானே எரிக்கிறீக?"

"உமிக்கு இப்ப நல்ல கிராக்கி ஆத்தா, வித்துர்றோம். கொஞ்ச வருசமா நிலக்கரிதான்."

"அந்தச் சாம்பலையா தோட்டத்துக்கு அனுப்புனீக?"

"ஆமா. எங்க ஐயா காலத்துலருந்து மில்லுச் சாம்பலைத்தானே வயலுக்கு அள்ளிட்டுப் போறாக."

"அது உமிச் சாம்பல். இது கரிச் சாம்பல்."

"சாம்பல்ல என்னத்தா சாதி?"

அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்டார். அவள் விளக்கினாள். அவர் கை கீரைக் கட்டிலிருந்து மெல்ல விலகியது.

"இதைத் திங்கக் கூடாதா?"

"கீரையை இன்னும் சோதிக்கலை. சோதிக்கிற வரைக்கும் வேணாம்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேற யாருக்குத் தெரியும்?"

"நமக்கு மட்டும்தான்."

"அப்ப நாளையிலருந்து நிறுத்திருவோம். போயிச் சொல்லி என்னத்துக்கு? நல்ல மனுசன்னு சொல்ற வாயால..." முடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதைக் கேட்டதும் அவளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. சொல்லாவிட்டால் மருதுபாண்டி அவளை வெறுக்க மாட்டான், கல்யாணமும் நடக்கும். அந்த நிம்மதிதான் அவளைக் கூசவைத்தது. இந்த நேரம் அவர்கள் வீட்டில் இதே கீரை அடுப்பில் இருக்கும்.

இரண்டு வருடமாக அப்பச்சியிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்க நினைத்து, ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்காமலே திரும்பிப் போயிருந்தாள். அவரைத் தட்டுத் தாம்பூலத்தோடு அழைத்துப் போவதாகத்தான் கற்பனை செய்திருந்தாள். இனி அப்படிக் கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது. ஆனாலும் கேட்டாள்.

"அப்பச்சி, மருதுபாண்டி வீட்டுக்கு என்கூட வாங்க. நான் அவனைத்தான் கட்டிக்கணும்னு இருக்கேன். ஆனா இப்ப அதைப் பேசக் கூப்பிடலை. அந்த மண்ணுல இருக்கிற நஞ்சு நம்ம சாம்பல்லருந்து வந்துச்சுன்னு அவுக முன்னாடி நின்னு சொல்ல வாங்க."